மான்களைப் பார்த்தே வாழ்ந்த மனிதர்
வக்கீல் பட்டம் பெற்றும் காட்டை நாடிய மா. கிருஷ்ணன் வரலாறு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சி என்ற ஊர் இருக்கிறது. அங்கே உதயகிரிக் கோட்டை உள்ளது. மார்த்தாண்டவர்மா மகாராஜா காலத்தில் புகழ் பெற்ற கோட்டை அது. டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோட்டைக்குள் வனத்துறையார் அமைத்த பூங்காவில் மான்களைப் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மானைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கிளை விட்ட கொம்போடு ஒரு மான் நிற்கும். அதே உயரம், அதே பருமன் உள்ள இன்னொரு ஆண் மான் பக்கத்தில் நிற்கும். அதற்குக் கொம்பே இருக்காது. ஏன்?

சண்டையில் ஒடிந்துவிட்டது என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அது பெண் மான் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடித் தம் வாழ்நாளையே செலவிட்ட தமிழர் ஒருவர் இருந்தார். புத்தகத்தைப் பார்த்து விடை சொல்வதை அவர் விரும்பவில்லை. காட்டுக்குப் போனார், காத்திருந்தார், கண்ணால் பார்த்தார், பார்த்ததை எழுதினார். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

நாவலாசிரியரின் மகன்

1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் கிருஷ்ணன் பிறந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாட்டார் கால் வைக்கும் சீமை அது.

அவருடைய தந்தை அ. மாதவையா. தமிழில் முதலில் நாவல் எழுதியவர்களில் ஒருவர். 'பத்மாவதி சரித்திரம்' அவர் எழுதியதுதான். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். பிறகு உத்தியோகத்தை விட்டுவிட்டு, 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அவருடைய எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி.

குடும்பம் சென்னையில் மயிலாப்பூரில் குடியிருந்தது. அன்றைய மயிலாப்பூர் இன்று போல் வீடும் கடையுமாக இருக்கவில்லை. சுற்றிலும் புதர்க்காடு இருந்தது. நரிகள் திரிந்தன. வெளிமான்கள் மேய்ந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடிய நேரத்தில் இவன் பறவையையும் அணிலையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

1925-ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. சென்னைப் பல்கலைக் கழக செனட் கூட்டத்தில், பி. ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்தவர் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

தந்தை விட்டுச் சென்ற சொத்தில் ஒன்று மகனுக்கு முழுமையாகக் கிடைத்தது. அது எழுத்து.

வக்கீல் தொழில் வேண்டாம்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் கிருஷ்ணன் படித்தார். கல்லூரியில் பைசன் என்ற ஆங்கிலேயர் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். நீலகிரி, பழனி மலைகளின் செடி கொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். மலைக்குப் போகும்போது கிருஷ்ணனையும் உடன் அழைத்துப் போவார். அவருடைய மனைவி நன்றாகப் படம் வரைவார். அந்த அம்மையாரிடம் கிருஷ்ணன் வண்ணம் தீட்டப் பழகினார்.

1931-ல் பி. ஏ. பட்டம் பெற்றார். பிறகு சட்டமும் படித்துத் தேறினார். அந்தக் காலத்தில் மயிலாப்பூரில் வக்கீலுக்கு இருந்த மதிப்பு எல்லோருக்கும் தெரியும். வக்கீல் என்றால் வீடு, வாகனம், செல்வாக்கு எல்லாம் வரும். ஆனால் கிருஷ்ணனின் மனம் கோர்ட்டில் ஒட்டவில்லை.

1937-ல் இந்துமதி அம்மையாரை மணந்தார். எழுதியும் படம் வரைந்தும் சம்பாதிக்கப் பார்த்தார். அதில் வந்த வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. அச்சகத்தில் கொஞ்ச நாள், வானொலியில் கொஞ்ச நாள் என்று வேலை பார்த்தார்.

1942-ல் ஒரு வழி பிறந்தது. பல்லாரிக்கு அருகே சந்தூர் என்ற சின்ன சமஸ்தானம் இருந்தது. அதன் மன்னர் கிருஷ்ணனை வேலைக்கு அழைத்தார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் காரியதரிசி என்று பல பொறுப்புகளை அவர் அங்கே வகித்தார். ஆனால் அவருக்குப் பிடித்த பொறுப்பு எது தெரியுமா? யாரும் கொடுக்காத பொறுப்பு! ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காட்டிலும் மேட்டிலும் சுற்றினார். தூது போகும் புறாக்களை வளர்த்தார். பார்த்ததைப் பத்திரிகைகளுக்கு எழுதினார்.

சுதந்திரம் வந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. 1949-ல் சந்தூரும் இணைந்தது. கிருஷ்ணனின் உத்தியோகமும் போயிற்று. மனைவியோடும் மகனோடும் சென்னைக்குத் திரும்பினார்.

வயது 37. கையில் வக்கீல் பட்டம் இருக்கிறது. வேறு நிலையான வருமானம் இல்லை. மற்றவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டியிருப்பார். கிருஷ்ணன் பேனாவை எடுத்தார்.

46 ஆண்டு எழுத்து

1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். 'கன்ட்ரி நோட்புக்' என்பது அந்தப் பகுதியின் பெயர். காக்கை, ஓணான், யானை, மான், மரம், மழை எல்லாம் அதில் வந்தன. படங்களையும் அவரே வரைந்தார்.

அது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டோடு நிற்கவில்லை. 1996-ல் அவர் மறையும் வரை, 46 ஆண்டுகள் தொடர்ந்து வந்தது.

தமிழிலும் அவர் எழுதினார். பழைய தமிழ் இலக்கியத்தில் நல்ல பயிற்சி உடையவர். சங்கப் புலவர்கள் விலங்குகளைக் கண்ணாரக் கண்டு பாடியவர்கள் என்று அவர் போற்றினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பிற்காலத்தில் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாக வந்தன.

எழுத்தோடு காமிராவும் சேர்ந்துகொண்டது. கறுப்பு வெள்ளைப் படம்தான் அவருக்குப் பிடிக்கும். பெரிய, கனமான காமிராவைத் தமக்கு ஏற்றவாறு தாமே அமைத்துக்கொண்டார். அதைத் தூக்கிக்கொண்டு முதுமலை முதலிய காடுகளில் நடந்தார். சில நேரம் பழக்கிய யானையின் முதுகில் ஏறிப் போனார். யானை மீது வரும் மனிதனைக் கண்டு காட்டு விலங்குகள் அவ்வளவாக மிரளுவதில்லை.

கொம்பு விழும், முளைக்கும்

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொம்பு ஒருமுறை முளைத்தால் சாகும் வரை இருக்கும். மானின் கதை வேறு. புள்ளிமானுக்கும், நாஞ்சில் நாட்டார் மிளா என்று சொல்லும் கடமானுக்கும் கொம்பு என்பது எலும்பு. ஆண் மானுக்கு மட்டுமே அது உண்டு. அது விழுந்துவிடும், பிறகு புதிதாக முளைக்கும்.

புதிய கொம்பு முளைக்கும்போது அதன் மேல் வெல்வெட் துணி போன்ற மெல்லிய தோல் மூடியிருக்கும். அதற்குள் இரத்தம் ஓடும். தொட்டால் வலிக்கும். அந்தக் காலத்தில் கலைமான் சண்டைக்குப் போகாது. புதரில் கொம்பு படாமல் ஒதுங்கி நடக்கும்.

கொம்பு முற்றியதும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். தோல் காய்ந்து உரியும். மரத்திலும் செடியிலும் கொம்பைத் தேய்த்துக் கலைமான் அதை உரித்துவிடும். கொம்பு பளபளக்கும். கழுத்துத் தசை பருக்கும். ஜோடி சேரும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

தென்னாட்டுக் காடுகளில் புள்ளிமான்களிடையே இந்தப் பருவம் கோடையிலும், தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்திலும் மும்முரமாக இருக்கும். மிளாவுக்கோ ஐப்பசி முதல் மார்கழி வரை.

கலைமான்களின் சண்டை

அந்தக் காலத்தில் காட்டில் புள்ளிமானின் குரல் மாறிவிடும். கரகரத்த குரலில் கலைமான் கத்தும். ஒரு மந்தையை விட்டு இன்னொரு மந்தைக்குப் போகும். பிணைமான்களை மோப்பம் பிடித்துக்கொண்டே நடக்கும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, உயரத்தில் உள்ள கிளையில் முகத்தையும் கொம்பையும் தேய்க்கும். கண்ணுக்கு அருகே உள்ள சுரப்பியின் வாடை அந்தக் கிளையில் ஒட்டிக்கொள்ளும். இங்கே நான் இருக்கிறேன் என்று மற்றக் கலைமான்களுக்கு அது விட்டுச் செல்லும் கடிதம் அதுதான்.

இரண்டு கலைமான்கள் எதிர்ப்பட்டால் உடனே மோதிக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் இரண்டும் பக்கம் பக்கமாக விறைத்து நடக்கும். உடம்பைப் பெரிதாகக் காட்டும். காலால் மண்ணைக் கீறும். கொம்பைத் தாழ்த்தும். சிறிய மான் பெரிய மானைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு விலகிப் போய்விடும். இரண்டும் சமபலம் என்றால்தான் கொம்பு கொம்போடு மோதும். அதுவும் தள்ளுச் சண்டைதான். தோற்றது ஓடும். உயிர்ச் சேதம் அபூர்வம்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதாது. ஒரு சண்டையைப் பார்த்தவன் மான் மூர்க்கமான பிராணி என்று எழுதிவிடுவான். நூறு சந்திப்புகளைப் பார்த்தவனுக்குத்தான் உண்மை புலப்படும். கிருஷ்ணனின் பலமே இந்தப் பொறுமைதான். ஒரு பிராணி ஒரு முறை செய்ததை அதன் சுபாவம் என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

பருவம் முடியும்போது

பலருக்கும் பருவத்தின் உச்சம்தான் கண்ணில் படும். பருவத்தின் கடைசியில்தான் நுட்பமான செய்திகள் உண்டு.

அலைந்து திரிந்த பெரிய கலைமான் பருவ முடிவில் இளைத்துவிடும். பிணைகளைத் தொடர்ந்து போனதில் சரியாக மேய்ந்திருக்காது. உடம்பில் காயமும் இருக்கும். உடலில் ஊறும் ஆண்மைச் சுரப்பு குறையும்போது கொம்பின் அடி தளரும். ஒரு நாள் ஒரு கொம்பு விழும். சில நாளில் மற்றதும் விழும். நேற்று வரை மற்றவற்றை விரட்டிய அந்த மான் இன்று சாதுவாக மந்தையோடு மேயும்.

ஆனால் காட்டில் எல்லாக் கலைமான்களும் ஒரே நாளில் கொம்பை இழப்பதில்லை. இளம் மான்கள் சிலவற்றுக்கு அப்போதுதான் கொம்பு முற்றியிருக்கும். கருத்தரிக்காத பிணைமான் சுமார் மூன்று வாரத்தில் மீண்டும் இணை தேடும். பெரியவர் ஓய்ந்த நேரத்தில் இளையவருக்கு இடம் கிடைக்கும்!

அமெரிக்காவில் வெண்வால் மான் என்று ஓர் இனம் உண்டு. வட பகுதிகளில் அது பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் இணை சேரும். தவறிய பிணைக்குச் சுமார் 28 நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு வரும். அதற்கு மேல் அதிகம் தாமதிக்க முடியாது. ஏனென்றால் பனிக்காலம் கடுமையானது. குட்டி வசந்தத்தில் பிறந்தாக வேண்டும். தாமதமாகப் பிறந்த குட்டி அடுத்த பனிக்குள் வளர்ந்து தேறாது.

நம் நாட்டில் அந்தக் கண்டிப்பு இல்லை. ஆகவே புள்ளிமான் குட்டியை ஆண்டின் பல மாதங்களிலும் காணலாம். கொம்புள்ள கலைமானையும் கொம்பில்லாத கலைமானையும் ஒரே மந்தையில் பார்க்கலாம். உதயகிரிக் கோட்டையில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை இதுதான்.

தொண்டையில் புண்ணா?

மிளாவின் தொண்டையில் சில சமயம் மயிர் உதிர்ந்து, சிவந்த வட்டம் ஒன்று தெரியும். இரத்தம் கசிவது போல் இருக்கும். நோய் என்றும், பூச்சி கடித்த புண் என்றும் பலர் எண்ணினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வருகிறது, இணை சேரும் காலத்தை ஒட்டி வருகிறது, பிறகு மறைகிறது. கூர்ந்து கவனித்தவர்களே இதைக் கண்டுகொண்டார்கள்.

நோய் என்று எண்ணியிருந்தால் என்ன ஆகும்? நோயுற்ற மானைச் சுட்டுவிடலாம் என்று யாராவது கிளம்பியிருப்பார்கள். சரியாகப் பார்ப்பதும் ஓர் உயிரைக் காப்பதுதான்.

துப்பாக்கியும் காமிராவும்

வெள்ளைக்காரத் துரைமார்களும், ராஜாக்களும், ஜமீன்தார்களும் மான் வேட்டையை வீரமாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. எவ்வளவு நீளமான கொம்பு என்று அளந்து பதிவு செய்த புத்தகங்கள்கூட வந்தன. இணை சேரும் பருவத்தில் கலைமான் தன் வழக்கமான எச்சரிக்கையை மறந்துவிடும். குரல் கொடுத்துத் தானே தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வேட்டைக்காரனுக்கு அது வசதி. காட்டின் மிக நல்ல கலைமான், தன் சந்ததியை உண்டாக்க வேண்டிய அதே நேரத்தில், குண்டுக்கு இரையாகும். அதன் தலை பங்களாச் சுவரில் தொங்கும்.

கிருஷ்ணன் அதே காட்டுக்குப் போனார். அதே மானுக்காகக் காத்திருந்தார். அவர் சுட்டது காமிராவால். படம் எடுத்த பிறகும் மான் மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டும் அதைப் பார்க்க முடிந்தது.

1959 முதல் 1970 வரை அவர் காடு காடாக அலைந்து குறிப்பு எடுத்தார். 1968-ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி உதவி கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ந்தார். மானும், யானையும், காட்டெருதும், வரையாடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1975-ல் நூலாக வெளிவந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அதை வெளியிட்டது.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1972-ல் காட்டு விலங்குகளைக் காக்கும் சட்டம் வந்தது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்துக்கு வழி காட்டிய குழுவில் கிருஷ்ணனும் இருந்தார்.

புலியைக் காக்க வேண்டுமானால் மானைக் காக்க வேண்டும். மானைக் காக்க வேண்டுமானால் அது தின்னும் புல்லையும் தழையையும் காக்க வேண்டும். ஆகவே நம் மண்ணுக்கு உரிய செடி கொடிகளை அழித்து, அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் எதிர்த்தார். அதிகாரிகளுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று பார்த்துப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை.

படித்தவர்களுக்குத் தம் ஊர் மரத்தின் பெயரும், தம் வீட்டு வேலியில் வந்து உட்காரும் பறவையின் பெயரும் தெரியவில்லையே என்று அவர் வருந்தினார். தெரியாத ஒன்றை யாரும் நேசிப்பதில்லை; நேசிக்காத ஒன்றை யாரும் காப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கடைசி வரை

செல்வம் சேர்க்கும் தொழிலை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சென்னையில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தார். இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்குவது அதுதான். படங்களைத் தாமே கழுவி அச்சிடுவார். கட்டுரை எழுதுவார். காட்டுக்குப் புறப்படுவார். அரை நூற்றாண்டு இப்படியே கழிந்தது.

1995-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி, தம் 83-வது வயதில், கிருஷ்ணன் காலமானார்.

நாஞ்சில் நாட்டு மலைகளில் இன்றும் மிளா திரிகிறது. கீரிப்பாறையிலிருந்து மகேந்திரகிரி வரை பரந்து கிடக்கும் காடுகளில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு, கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே மிளாவைச் சுட்டால் தண்டனை உண்டு. காட்டில் விழுந்து கிடக்கும் கொம்பை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம். அந்தக் கொம்பு காட்டுக்கே தேவை. முள்ளம்பன்றி அதைக் கொறித்துத் தின்னும். எலும்புச் சத்து மறுபடியும் காட்டுக்கே சேரும்.

அடுத்த முறை மான் பார்க்கப் போகும்போது, கொம்பில்லாத கலைமானைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது தோற்றுப்போன மான் அல்ல. அடுத்த கொம்பு முளைப்பதற்குக் காத்திருக்கும் மான்.

37 வயதில் உத்தியோகம் இழந்து சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணனும் அப்படித்தான் காத்திருந்தார்.